சீட்டின் அடியில் ஒரு எண்

"இந்த நம்பர் யாருக்கு வேணும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்காக எனக்குத் திமிர் என்றார்கள், வாய்க்கொழுப்பு என்றார்கள், டவுன்காரி புத்தி என்றார்கள். திண்டுக்கல் டவுனில் பிறந்தவள்தான், வாயும் உண்டுதான். ஆனால் கேட்டதில் என்ன தப்பு என்று இன்று வரைக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

தாடிக்கொம்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் உட்கார்ந்தே புரோகிராம் எழுதுகிறேன். ஊரில் அதற்கு 'பொட்டியில தட்டுற வேலை' என்று பெயர். வீட்டுக்காரர் தோட்டமும் மாடும் பார்க்கிறார். பால் ஊற்றப் போவது அவர் பாடு. அந்தக் கோடையில் வாய்க்கால் வரப்பில் வழுக்கி அவருக்குக் கால் பிசகிவிட்டது. அதனால் கேனைத் தூக்கிக்கொண்டு நான் போக வேண்டியதாயிற்று.

பால் ஸ்டேஷன் என்பது ஒற்றை அறை. தனியார் பால் கம்பெனி ஒன்று நடத்துகிறது. உள்ளே ஒரு தராசு, கொழுப்புப் பார்க்கிற மெஷின், பழைய கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கிற பிரிண்டர். நம் பாலை வாங்கி அளந்ததும் எடை, கொழுப்பு, விலை எல்லாம் ஒரு சீட்டில் வரும். சீட்டின் அடியில் கடைசியாக ஓர் எண் இருக்கும். அதற்கு முன்னால் தமிழில் ஏதோ எழுதியிருக்க வேண்டும். அந்தப் பிரிண்டருக்குத் தமிழ் வராது என்பதால் வெறும் கட்டம் கட்டமாக விழும். அது என்ன எண் என்று ஒருவருக்கும் தெரியாது.

தெரியாவிட்டால் என்ன? எங்கள் ஊர்க்காரர்கள் அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். முன்பெல்லாம் அங்கே தினமும் சண்டையாம். என் கேனை நகர்த்தினான், இடையில் புகுந்தான் என்று ஒரே ரகளை. பால் அளக்கிற அண்ணன் ஒரு நாள் வெறுத்துப் போய், "ஏலே, கம்பெனியே சீட்டுல நம்பர் போட்டுக் குடுக்குறான்ல. அதும்படி வாங்கப்பா, என் உசுர எடுக்காம" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அதுதான் சட்டம். காலைச் சீட்டில் வந்த எண் சாயங்கால வரிசை. சாயங்காலச் சீட்டில் வந்தது மறுநாள் காலை வரிசை. கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது என்று எல்லாரும் நம்பினார்கள். கம்ப்யூட்டர் யாருக்கும் சொந்தக்காரன் இல்லை பாருங்கள், அதனால் அதன் மேல் யாருக்கும் கோபமும் வரவில்லை.

நடுவில் இருக்கிறவர்களுக்கு எண் ஒன்றிரண்டு ஏறும், இறங்கும். ஊரிலேயே பெரிய மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற பெரியவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு மட்டும் எப்போதும் ஒன்று. "நமக்கு அப்பிடி ஒரு ராசிம்மா" என்று சிரிப்பார். கிழக்குத் தோட்டத்து அக்காவுக்கு எப்போதும் கடைசி. ஒற்றை மாடு வைத்துக்கொண்டு, அந்தப் பாலில் மகளை நர்சிங் படிக்க வைக்கிற மனுஷி. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். 'கடைசி நம்பரு' என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். அது எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை.

நான் போக ஆரம்பித்த வாரத்திலேயே அது நடந்தது. சரியான வெயில், சாயங்காலமும் தரை கொதித்தது. வரிசை நகரவே இல்லை. ஒருவர் பாலை ஊற்றினால் அடுத்தவரைக் கூப்பிட அவ்வளவு நேரம் பிடித்தது. எங்கள் முறை முடிந்தும் அக்காவோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவரைக் கூப்பிட்டார்கள். அளக்கிற அண்ணன் கரண்டியில் கொஞ்சம் பாலை எடுத்துச் சுட வைத்தார். திரிந்துவிட்டது.

"அக்கா, இன்னைக்கும் போச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. ஒரு பட்டுவாடாவுக்குள், அதாவது பதினைந்து நாள் கணக்குக்குள், மூன்று முறை பால் திரும்பினால் கார்டை வெட்டிவிடுவார்கள். கார்டு இல்லாமல் பால் ஊற்ற முடியாது. ஊரில் வேறு ஸ்டேஷனும் கிடையாது. அக்காவுக்கு அது இரண்டாவது முறை. இன்னொரு முறை திரும்பினால் மாட்டை விற்க வேண்டியதுதான், மகள் படிப்பும் அதோடு நின்றுவிடும்.

பால் ஊற்றிவிட்டு அங்கேயே நின்ற ஒருவர் சும்மா இருக்காமல், "கடைசின்னு தெரியுமில்ல? செத்த நேரம் கழிச்சுக் கறந்து கொண்டாந்தா என்னவாம்?" என்றார்.

"ஏப்பா, மாடு என்ன நம்பர் பாத்தா பாலு எறக்குது? அதுக்கு நேரம் தவறுனா மடிய இறுக்கிக்கிரும்" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "விடு தாயி. நமக்குத்தான் ராசி இல்லையே" என்றார்.

அந்த வார்த்தைதான் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராசியாவது மண்ணாவது! கம்ப்யூட்டருக்கு ராசி கிடையாது என்று எனக்குத் தெரியும். அதோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

மறுநாள் சாயங்காலம் கேனோடு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன். பாலை ஊற்றியதும் எடை வந்துவிட்டது. கொழுப்பும் உடனே வந்துவிட்டது. விலை வந்துவிட்டது. எல்லாம் வந்த பிறகுதான் திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பதில் எல்லாம் தெரிந்த பிறகு இது எதற்காகச் சுற்றுகிறது? அக்காவின் பால் அன்று எப்படியோ தப்பியது. அளக்கிற அண்ணன் கரண்டியை இரண்டு தரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அவரிடம் கெஞ்சி, மறுநாள் மத்தியானம் ஸ்டேஷன் சும்மா கிடக்கிற நேரத்தில் உள்ளே போனேன். "பாக்கத்தான் செய்வேன், கை வைக்க மாட்டேன்ணே" என்று மாதா மேல் சத்தியம் செய்த பிறகே நாற்காலியைக் கொடுத்தார். கம்பெனிக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்த ஆட்கள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். ஆனால் புரோகிராம் முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகிவிட்டது.

விஷயம் இதுதான். ஒவ்வொருவர் பால் ஊற்றும்போதும், ஸ்டேஷன் திறந்த நாளிலிருந்து ஊரில் எல்லாரும் ஊற்றிய பால் அத்தனையையும் அது மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுக்கிறது. யார் அதிகம் ஊற்றுகிறாரோ அவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு என்று இடம் போடுகிறது. அந்த இடம்தான் சீட்டின் அடியில் வருகிற எண். ஸ்டேஷன் திறந்த புதிதில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும். வருஷம் சேரச் சேரக் கூட்ட வேண்டிய பாலும் சேர்ந்துவிட்டது. அதனால்தான் வட்டம் சுற்றுகிறது.

குலுக்கலும் இல்லை, ராசியும் இல்லை. மாடு அதிகம் வைத்திருப்பவர் முன்னால், ஒற்றை மாட்டுக்காரி பின்னால். அந்த எண்தான் அக்காவைக் கடைசியில் தள்ளியது. அந்த எண்ணைக் கணக்குப் போடுகிற நேரத்தில்தான் அக்காவின் பாலும் திரிந்தது. எந்தப் புண்ணியவான் இதை எழுதினானோ, அவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு நான் நல்ல வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

அக்காவிடம் உடனே சொல்லவில்லை. மாற்றாமல் சொல்லி என்ன பிரயோஜனம், வயிற்றெரிச்சல்தான் மிச்சம். வீட்டில் சொன்னேன். காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், "ஒனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு? பெங்களூர்க்காரன் சம்பளம் குடுக்குறான், அவன் வேலையப் பாரு" என்றார்.

"அவன் வேலையும் பாக்குறேன். இதையும் பாப்பேன். கேன் தூக்க என்னை அனுப்புனது நீங்கதான?" என்றேன்.

மறுநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லில் இருக்கிற அந்தக் கம்பெனியின் கிளை ஆபீசுக்குப் போனேன். மேனேஜர் மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், டீ சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார், கேட்டுவிட்டு முடியாது என்றார்.

"மேடம், ஓடிக்கிட்டிருக்கிற சாப்ட்வேர்ல கை வைக்கவே கூடாது."

"அது ஓடல சார், நிக்குது. நாங்கதான் வெயில்ல நிக்கிறோம்."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்னொரு ஊர் ஸ்டேஷனில் ஒருவர் முன்பு இதே எண்ணைத் தேவையில்லை என்று எடுத்துவிட்டாராம். ஸ்டேஷன் அனுப்புகிற பைலைத்தான் இந்த ஆபீஸ் சாப்ட்வேர் வாங்கிப் பட்டுவாடா போடும். கடைசி எண் இல்லை என்றதும் அது பைலையே வாங்க மாட்டேன் என்றுவிட்டது. பட்டுவாடா நின்று, அந்த ஊர்க்காரர்கள் காலிக் கேன்களோடு வந்து ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். "அன்னைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்" என்றார்.

"சரி சார். இந்த நம்பர் யாருக்கு வேணும்?" என்று கேட்டேன்.

தலைமை ஆபீஸ் பார்க்கும் என்றார். யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். முறைத்தார். நான் எழுந்து போகிற மாதிரி தெரியாததால் போன் போட்டார். தலைமை ஆபீசில் ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் வேறொருவரிடம் கொடுத்தார். கடைசியில் ஒருவர், "அதுவா? நீங்கதான் கேக்குறீங்கன்னு நெனைச்சோம் சார்" என்றார். மேனேஜர் போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"யாருக்கும் வேணாம்னா எடுத்துடலாமா சார்?"

"எடுத்தா ஒடஞ்சிரும்ங்கிறேன்ல மேடம்!"

"நம்பரை எடுக்க மாட்டேன். நம்பர் போடுற வேலையைத்தான் எடுப்பேன். அந்த எடம் அப்பிடியே இருக்கும். ஒங்க சாப்ட்வேருக்கு வித்தியாசமே தெரியாது."

பழைய பைல் ஒன்றை நகல் எடுத்து, அங்கேயே சோதித்துக் காட்டச் சொன்னார். கணக்குப் போடாமல் அந்த இடத்தில் எல்லாருக்கும் பூஜ்யம் வைத்துக் கொடுத்தேன். ஆபீஸ் சாப்ட்வேர் பைலை வாங்கிக்கொண்டது, ஆனால் ஒருவர் விடாமல் 'பால் வரவில்லை' என்று காட்டியது. பூஜ்யம் என்றால் ஆள் வரவில்லை என்று அது அர்த்தம் வைத்திருக்கிறது போலிருக்கிறது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மேனேஜருக்கு எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள்.

"இருங்க சார், அவசரப்படாதீங்க" என்று சொல்லி, பூஜ்யத்தை அழித்து எல்லாருக்கும் ஒன்று என்று வைத்தேன். வாங்கிக்கொண்டது. பட்டுவாடா போட்டது. பழைய எண்களோடு வந்த பட்டுவாடாவையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரையே பார்க்கச் சொன்னேன். ஒருவர் பெயரிலும் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கடைசி இலக்கம் வரைக்கும் அதேதான்.

"ஒங்க ஊர் ஸ்டேஷன்ல மட்டும் பண்ணுங்க. ஒரு தப்பு வந்தாலும் ஒங்க கார்டையும் சேத்து வெட்டிருவேன், சொல்லிப்புட்டேன்" என்றார்.

"தாராளமா வெட்டுங்க. ஆனா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்துவேன்."

வழியில் வண்டியை நிறுத்தி வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "நம்ம கார்டையுமா பணயம் வச்ச? அடிப் பாவி!" என்றார். பிறகு, "சரி, பாத்து ஓட்டிட்டு வா. வெயிலு" என்றார். அவர் அப்படித்தான். கத்தினாலும் கூட நிற்பார்.

சாயங்காலம் முதல் கேன் வருவதற்குள் மாற்றிவிட்டேன். பழையதை நகல் எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் மாற்றினேன், அது எங்கள் தொழிலில் பால பாடம். பெரியவரின் பண்ணை ஆள் முதலில் ஊற்றினார். எடை வந்தது, கொழுப்பு வந்தது, சீட்டும் கையோடு வந்துவிட்டது. வட்டம் சுற்றவே இல்லை. அளக்கிற அண்ணன் பிரிண்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

வரிசை ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். உடனே ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏண்ணே, ஒழுங்கா டெஸ்ட் பண்ணுதா? இம்புட்டு வேகமா வருது?" என்று ஒருவர். "கொழுப்பக் கொறச்சு அடிக்குதோ என்னமோ" என்று இன்னொருவர். மெதுவாக ஓடினால்தான் நேர்மையாக ஓடுகிறது என்று ஒரு நினைப்பு. பேசாமல் போய் நேற்றைச் சீட்டோடு ஒத்துப் பாருங்கள் என்று நான் சத்தம் போட்டேன்.

அக்கா வழக்கம்போல வேப்பமரத்தடியில் ஈரத்துணி சுற்றிய கேனோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும்போல இருட்டுகிற வரைக்கும் இருக்க வேண்டும் என்று தயாராகத்தான் வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டபோது நம்பாமல், "யாரு, என்னையா?" என்று கேட்டார். வானம் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

அண்ணன் கரண்டியில் பாலை எடுத்துச் சுட வைத்தார். வரிசை எவ்வளவு வேகமாக ஓடினால் என்ன, கிழக்குத் தோட்டத்திலிருந்து அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்த பால் அது. இன்றைக்குத் திரிந்தால் அதோடு முடிந்தது. அக்கா கரண்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். பால் நுரைத்து ஏறியது. திரியவில்லை.

"நல்லா இருக்குக்கா. ஊத்துங்க" என்றார் அண்ணன்.

யேசுவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அக்கா சீட்டை வாங்கி, படிக்காமலே நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நாங்கள் சோறு தின்கிற நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டு, பைல் சரியாக ஏறிவிட்டது என்றார். அதைச் சொல்கிறபோது அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது போலப் பட்டது எனக்கு.

சீட்டில் எல்லாருக்கும் ஒன்று வந்திருக்கிறது, காலையில் வரிசையில் குழப்பம் வரும் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரவர் கையில் இருக்கிற சீட்டை அவரவர் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் காலையில் கேனை எடுத்துக்கொண்டு நானும் போனேன். வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டே பின்னால் வந்தார், வேடிக்கையை விட மனசில்லாமல்.

நினைத்ததற்கு மேலேயே இருந்தது. ஸ்டேஷன் வாசலில் ஆளாளுக்குச் சீட்டை நீட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். "எனக்கு ஒன்னு!" "எனக்கும் ஒன்னுதானப்பா!" "அட, எல்லாருக்கும் ஒன்னுல போட்டிருக்கு!" ஒருவர் கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். இன்னொருவர் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார், ஆயுசுக்கும் ஒன்றாம் நம்பர் வாங்கியதே இல்லை என்று. அக்கா எல்லாருக்கும் முன்பே வந்து, கதவை ஒட்டிக் கேனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முந்தின நாள் போல இன்றும் சீக்கிரம் கூப்பிட்டுவிடுவார்கள் என்று, கறந்த கையோடு இருட்டிலேயே புறப்பட்டிருக்கிறார்.

பெரியவர் அன்றைக்கு ஆட்களை மட்டும் அனுப்பாமல் தானும் வந்தார். "யாரும்மா நம்பர மாத்துனது? நீதானாமே?" என்றார் என்னிடம்.

"நாந்தான் மாமா."

"என் நம்பர எனக்கு வச்சுக் குடு. என் பாலுலதான் இந்த ஸ்டேஷனே ஓடுது."

"அதத்தான் மாமா அந்த நம்பரும் சொல்லிக்கிட்டிருந்துச்சு" என்றேன். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். அது குலுக்கல் இல்லை, யார் ராசியும் இல்லை. பால் அதிகம் ஊற்றுகிறவரை முன்னால் போட்டது, குறைவாக ஊற்றுகிறவரைப் பின்னால் போட்டது. அந்தக் கணக்கைப் போடத்தான் ஆளுக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. கம்பெனியில் ஒரு ஆளும் அதைப் பார்த்தது கிடையாது. "யாருக்கும் வேணாத கணக்கு. எடுத்துட்டேன். திருப்பி வைக்க மாட்டேன்."

நடு எண்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அளக்கிற அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு தராசைத் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்ப அது என் ராசி இல்லையா?" என்றார் அக்கா. என்னைக் கேட்டாரா, யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. "இத்தன வருசமும் என் ராசின்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். எம்மககிட்டயும் அதத்தான சொன்னேன், இந்த வீட்டுக்கே ராசி இல்லன்னு."

நான் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

பெரியவர் பழைய வழக்கத்தில் தன் ஆட்கள் கொண்டுவந்த கேனைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். "சரி சரி, எனக்கும் ஒன்னுதான் போட்டிருக்கு. ஊத்துப்பா" என்றார்.

அக்கா இடுப்பிலிருந்த சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, முதல் முறையாகப் படித்தார். அதை அளக்கிற அண்ணன் முன்னால் மேஜையில் வைத்தார். தன் கேனைத் தூக்கித் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் ஒன்னு, எனக்கும் ஒன்னு. நான் முந்தி வந்தேன். பின்னால நில்லுங்க."